புதுப்பித்தல் பேணுதல் ஆகாது

குடும்பத்தின் பழம்பொருள்களைப் பற்றித் தமிழகத்தில் இன்று பரவலாக நிலவும் கருத்து ஒன்று உண்டு. தாத்தா பாட்டி காலத்துப் பொருள் மங்கியோ நெளிந்தோ கிடந்தால் அதைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, தேய்த்து, மெருகேற்றி, புதுப்பூச்சுப் பூசி, அன்றுதான் கடையில் வாங்கியதைப் போல ஆக்கிக் கூடத்தில் வைப்பதே முன்னோருக்குச் செய்யும் மரியாதை என்பதும், பொருள் பளபளத்தால் அதோடு ஒட்டிய நினைவும் உயிர்பெறும் என்பதுமே அக்கருத்து. மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வத்திராயிருப்புக்குச் சாலை பிரியும் கிருஷ்ணன்கோவிலிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இக்கருத்து கைவைப்பதற்கு வேண்டிய பொருள்கள் பழைய வீடுகளில் இன்னும் எஞ்சியிருக்கின்றன. சீர்வரிசையாக வந்து பரணில் ஏறிய பித்தளைக் குடமும் தவலையும், பூசையறைக் குத்துவிளக்கும், தேக்குமரப் பெட்டியும், சுவரில் சட்டமிட்டு மாட்டிய புகைப்படங்களும், பாட்டியின் காதில் ஆடிய பாம்படமும் தண்டட்டியும், யாரும் அவிழ்க்காத ஏட்டுச்சுவடிக் கட்டும் அவற்றுள் அடங்கும். இப்பொருள்களைப் புதிதாக்குவதால் அவை காப்பாற்றப்படுகின்றன என்ற நம்பிக்கை பிழையானது. பெரும்பாலான நேர்வுகளில் அது காக்க நினைத்ததையே அழித்துவிடுகிறது.

இக்கருத்துக்குப் பின்னால் அன்பு இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்த பித்தளையையும் வெண்கலத்தையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிய தலைமுறைக்கு அடுத்து வந்தவர்கள், எஞ்சியதையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணுவது நல்ல மாற்றமே. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் நிலைகளும் தூண்களும் பாத்திரங்களும் பொம்மைகளும் வந்து குவிந்த கதையை அறிந்தவர்கள், தங்கள் வீட்டுப் பொருள் வெளியே போகாமல் இருந்தாலே போதும் என்று நிறைவடைவதும் புரிந்துகொள்ளக் கூடியதே. எனினும், பொருளை எடைக்குப் போட்டவருக்குத் தாம் இழந்தது என்ன என்பது என்றாவது ஒருநாள் தெரிந்துவிடும். அதே பொருளைப் புதிதாக்கியவருக்கோ, பொருள் கண்ணெதிரே இருப்பதால், இழப்பு நேர்ந்ததே தெரிவதில்லை. இந்தத் தெரியாமையே இக்கருத்தை விரிவாக மறுக்க வேண்டிய தேவையை உண்டாக்குகிறது.

மறுப்பைத் தொடங்குமுன் மூன்று செயல்களைப் பிரித்தறிவது நல்லது. பொருள் மேலும் கெடாமல் இருக்க அதன் சூழலைச் சீர்செய்து, தூசியும் ஈரமும் பூச்சியும் அண்டாமல் பார்த்துக்கொள்வது பேணுதல். உடைந்ததையோ கழன்றதையோ பொருளின் பயன்பாட்டுக்காகவும் உறுதிக்காகவும் ஒட்டியும் தைத்தும் பற்றவைத்தும் சரிசெய்வது பழுதுபார்த்தல். பொருளின் மேல் காலம் விட்டுச்சென்ற தடயங்கள் அனைத்தையும் நீக்கி, அது முதன்முதலில் எப்படி இருந்ததோ, அல்லது எப்படி இருந்திருக்கும் என்று இன்றைய உரிமையாளர் கற்பனை செய்கிறாரோ, அந்தத் தோற்றத்துக்குக் கொண்டுவருவது புதுப்பித்தல். முதலிரண்டும் பொருளின் வரலாற்றை ஏற்றுக்கொண்டு அதைத் தொடரச் செய்கின்றன. மூன்றாவது அந்த வரலாற்றையே குறையாகக் கருதி நீக்குகிறது. பேச்சு வழக்கில் மூன்றும் ஒன்றாகவே கருதப்படுவதால், பேணுவதாக எண்ணிக்கொண்டு புதுப்பிப்பவர்கள் ஏராளம்.

மங்கல் என்பது அலட்சியத்தின் அடையாளம், பளபளப்பு என்பது மரியாதையின் அடையாளம் என்பது இக்கருத்தின் முதல் வாதம். உலோகத்தின் இயல்பை அறிந்தால் இவ்வாதம் நிற்காது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. இரண்டிலும் காற்றும் ஈரமும் பட்டுப்பட்டு உருவாகும் மெல்லிய பழுப்புப் படலம் உலோகத்தோடு இறுகப் பற்றிக்கொண்டு, அடியிலுள்ள உலோகம் மேலும் விரைந்து அரிக்கப்படாமல் தடுக்கிறது. பாலிஷ் பட்டறையின் சுழலும் துணிச்சக்கரமும் அதில் தடவப்படும் அராவும் பசையும் இப்படலத்தை மட்டும் நீக்கிவிட்டு நிற்பதில்லை. அதனடியில் உள்ள உலோகத்தின் மேற்பரப்பையும் சேர்த்தே சுரண்டி எடுக்கின்றன. ஒவ்வொரு மெருகேற்றலிலும் விளிம்பு மழுங்குகிறது, வேலைப்பாடு ஆழம் குறைகிறது, விளக்கின் உச்சியிலிருக்கும் அன்னத்தின் இறகுக் கோடுகள் தேய்கின்றன.

எல்லாவற்றையும்விட வருந்தத்தக்க இழப்பு, பாத்திரத்தில் வெட்டப்பட்ட பெயர் தேய்ந்து போவது. தமிழ் வீடுகளில் பாத்திரம் வாங்கியவுடன் அதன் கழுத்திலோ விளிம்பிலோ சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிப் பெயர் வெட்டும் வழக்கம் இருந்தது. தலைப்பெழுத்து, ஊர், கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், திருமணமோ புதுமனை புகுதலோ நடந்த நாள் ஆகியவை அதில் இடம்பெற்றன. நிலப்பத்திரங்களிலும் பட்டாக்களிலும் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே எழுதப்பட்ட காலத்தில், ஒரு பெண்ணின் பெயர் அவளுக்கே உரிய பொருளின் மேல் எழுத்தாகப் பதிந்த இடம் பல குடும்பங்களில் அவள் சீராகக் கொண்டுவந்த தவலையின் விளிம்பு மட்டுமே. அந்தத் தவலையைப் பட்டறைக்கு அனுப்பிப் பளபளக்கச் செய்து, அதன்மேல் மங்காதிருக்க நிறமற்ற லாக்கர் பூச்சும் பூசி, வரவேற்பறையில் செயற்கைப் பூக்களை நிரப்பி வைப்பது, ஆவணத்தின் எழுத்தைச் சுரண்டிவிட்டுத் தாளின் வெண்மையைப் பாராட்டுவதைப் போன்றது. பூட்டியின் நினைவைப் போற்றுவதற்காகவே செய்யப்பட்ட அச்செயலில் பூட்டியின் பெயரே காணாமல் போகிறது.

பழுப்புப் படலம் அனைத்தும் நல்லது என்று சொல்வது இம்மறுப்பின் நோக்கம் அன்று. உப்பும் ஈரமும் சேர்ந்த சூழலில் செம்புக் கலவைகளின் மேல் வெளிர்பச்சை நிறத்தில் பொடிபொடியாக உதிரும் ஒருவகைக் களிம்பு தோன்றுவதுண்டு. குளோரைடு என்னும் வேதிப்பொருளால் உண்டாகும் அந்த அரிப்பு, கவனிக்காமல் விட்டால் பொருளைத் துளைத்துவிடும். அதற்குச் சிகிச்சை தேவை. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930களில் ச. பரமசிவன் தலைமையில் இயங்கிய வேதியியல் பாதுகாப்புப் பிரிவு, மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட வெண்கலத் திருமேனிகளை அரிப்பிலிருந்து மீட்பதற்கு மின்வேதியியல் முறைகளைக் கையாண்டது. ஆனால் அங்கே நடந்தது நோயறிந்து செய்த மருத்துவம். எந்தப் படலம் காக்கிறது, எந்தப் படலம் அரிக்கிறது என்று ஆராயாமல், கண்ணுக்குக் கருப்பாகத் தெரிவதையெல்லாம் ஒரே சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பதை அதனோடு ஒப்பிட இடமில்லை.

நெளிவுக்கும் இதுவே பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்த இவ்வட்டாரத்தில், கிணற்றிலும் கண்மாயிலும் தண்ணீர் இறைத்து இடுப்பில் சுமந்துவந்தது அன்றாட உழைப்பாக இருந்தது. பல்லாண்டு அப்படிச் சுமக்கப்பட்ட குடத்தின் வயிற்றில் ஏற்பட்ட நெளிவும், கிணற்றுச் சுவரில் இடித்த வடுவும், கயிறு உராய்ந்து வழுவழுப்பான கழுத்தும் அந்த உழைப்பின் நேரடிச் சான்றுகள். ஒழுகும் குடத்தைப் பற்றவைப்பது தகும். ஒழுகாத குடத்தின் நெளிவை உள்ளிருந்து தட்டி எடுப்பதால் குடத்துக்கு எந்த உறுதியும் சேர்வதில்லை. அதைச் சுமந்தவளின் உடல் அப்பொருளில் விட்டுச்சென்ற ஒரே பதிவு மட்டும் நீங்குகிறது.

சிதைந்த புகைப்படத்தைச் சீர்செய்தால் மறைந்தவர் மீண்டும் வருவார் என்பது அடுத்த வாதம். கணினியும் செயற்கை நுண்ணறிவும் கைக்கெட்டிய பிறகு இவ்வாதம் பெருவலிமை பெற்றுவிட்டது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றுவதும், பூஞ்சை தின்ற முகத்தை நிரப்புவதும், 2021க்குப் பிறகு பரவிய செயலிகளின் துணையோடு இறந்தவரைக் கண் சிமிட்டவும் புன்னகைக்கவும் வைப்பதும் சில நொடிகளில் முடிகின்றன. ஆனால், அழிந்துபோன பகுதியை நிரப்பும் மென்பொருள் அந்தக் குறிப்பிட்ட மனிதரின் முகத்தை அறியாது. தான் பயின்ற எண்ணற்ற பிற முகங்களின் பொதுத்தன்மையிலிருந்து ஒரு கண்ணையோ தாடையையோ கணித்து வைக்கிறது. புடவையின் நிறமும் தோலின் நிறமும் அதே கணிப்பின் விளைவுகள். தென்தமிழகத்து மனிதரின் கருமை, அவர் வாழ்ந்தபோது இருந்ததைவிட வெளுப்பாக மாற்றப்படுவதும் நிகழ்கிறது. அவ்வாறு கிடைக்கும் படம் அழகாக இருக்கலாம். அதில் இருப்பவர் தாத்தா ஆகமாட்டார். நேரில் அவரைக் கண்டவர்கள் இருக்கும்வரை வேறுபாடு உணரப்படும், அவர்களும் மறைந்தபின் பேரப்பிள்ளைகளுக்குக் கணிக்கப்பட்ட முகமே உண்மை முகமாக நிலைத்துவிடும்.

புகைப்படம் என்பது உருவம் மட்டுமன்று, அது ஒரு பொருளும்கூட என்பதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. படத்தின் பின்புறத்திலுள்ள ஸ்டுடியோ முத்திரை, ஒட்டிய அட்டையின் தரம், வரைந்த திரைச்சீலைப் பின்னணி, கையால் தீட்டிய வண்ணத்தொடுகை, கண்ணாடிமேல் ஆண்டுதோறும் இட்ட சந்தனமும் குங்குமமும் விட்ட கறை ஆகிய ஒவ்வொன்றும் அக்குடும்பம் எப்போது எந்த ஊருக்குச் சென்றது, தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது, இறந்தவரை எவ்வாறு வழிபட்டது என்பதைச் சொல்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு தமிழக ஸ்டுடியோக்களின் பழைய படங்களை எண்ணிமப் படிகளாக்கிப் பாதுகாத்தபோது, கறையும் கிழிசலும் உள்ளபடியே அவற்றைப் பதிவுசெய்தது இதனால்தான். வீட்டில் இருப்பவர்கள் பின்பற்றுவதற்கும் அதுவே ஏற்ற நெறி. மூலப்படத்தை நல்ல வெளிச்சத்தில் முன்னும் பின்னும் படியெடுத்துக்கொண்டு, ஆசைப்படும் மாற்றங்கள் அனைத்தையும் படியில் செய்துகொள்ளலாம். மூலத்தின் மேல் தூரிகையோ திரவமோ படக்கூடாது. வண்ணமேற்றிய படியின் கீழே அது படி என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

நகையைப் பொறுத்தவரை வாதம் வேறு வடிவம் கொள்கிறது. தங்கம் எந்த வடிவில் இருந்தாலும் தங்கமே, பாட்டியின் நகையை அழித்துப் பேத்திக்கு வளையலாகச் செய்தால் பாட்டியின் பொன் பேத்தியின் கையில் தொடர்கிறது என்பர். பொருளாதார நெருக்கடியில் நகையை அழிக்கும் குடும்பத்தைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. நகை அத்தகைய நாளுக்காகவே சேர்க்கப்பட்டது. நெருக்கடி ஏதுமின்றி, மரியாதை என்ற பெயரிலேயே அழிப்பதுதான் கேள்விக்குரியது. பாம்படம் என்பது தென்மாவட்டப் பெண்கள் வளர்த்த காதில் அணிந்த கனத்த காதணி. தங்கத்தகட்டை உருண்டைகளாகவும் பட்டைகளாகவும் மடித்து, உள்ளே அரக்கு நிரப்பிச் செய்யப்பட்டது. அதைச் செய்யும் கைத்திறன் அருகிவிட்டது. அதை அணிவதற்கேற்பக் காது வளர்க்கும் வழக்கமும் முடிந்துவிட்டது. அப்பெண்களுள் பலர் பின்னாளில் வளர்ந்த காதைத் தைத்து ஒட்டவைத்துக்கொண்டனர் என்பதால், பாம்படம் ஒன்றே அவர்கள் கடந்துவந்த மாற்றத்தின் மீந்த சாட்சியாகிறது. உருக்கிய பொன்னில் எடை தொடரும். வடிவமும் திறனும் சாட்சியமும் தொடர்வதில்லை. நினைவு எடையில் இருந்திருந்தால் வங்கியில் வாங்கிய தங்கக்காசே போதுமானதாக இருந்திருக்கும்.

இக்கருத்தின் மிக வலுவான வாதம் மரபிலிருந்து எழுவது. தமிழ் மரபு எதையும் பழையதாகவே விட்டுவைத்ததில்லை, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்து கோயிலையே புதுப்பிக்கும் சமுதாயத்துக்குப் பழமையைத் தொடாதே என்று சொல்வது மேலைநாட்டு அருங்காட்சியக மனப்பான்மை என்பதே அவ்வாதம். இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டாம். திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் விளங்கும் கிளி மரவள்ளி இலையால் உடலும் மாதுளம்பூவால் அலகும் அமைத்து நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. நேற்றைய கிளியை யாரும் பாதுகாத்து வைப்பதில்லை. இருந்தும் அம்மரபு பழையதே என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

இச்சான்று சரியானதே, ஆனால் அது புதுப்பித்தல் கட்சிக்குத் துணைவரவில்லை. கிளியை நாள்தோறும் புதிதாகச் செய்ய முடிவது, அதைச் செய்யும் குடும்பத்தின் கையில் அத்திறன் அறுபடாமல் இருப்பதால்தான். அங்கே வழிவழியாக வரும் உடைமை கிளியன்று, கிளிசெய்யும் கைப்பழக்கம். சப்பானின் இசே ஆலயம் இருபது ஆண்டுக்கு ஒருமுறை இடித்துக் கட்டப்படுவதும், கடைசியாக 2013இல் அவ்வாறு கட்டப்பட்டதும் இதே வகையைச் சேர்ந்தவை. தச்சர்களின் அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குச் செல்ல அந்தக் கால இடைவெளி வழிசெய்கிறது. 1994இல் அதே நாட்டின் நாரா நகரில் கூடிய வல்லுநர்கள், ஒரு பண்பாட்டின் மெய்ம்மை அதன் மூலப்பொருளில் மட்டுமல்லாமல் வடிவத்திலும் பயனிலும் மரபிலும் நுட்பத்திலும் இருக்கக்கூடும் என்று அறிவித்ததும் இதனைக் கருதியே. தவலையை மெருகேற்றும் குடும்பத்துக்குத் தவலை வார்க்கத் தெரியாது. பாம்படத்தை அழிக்கும் குடும்பத்துக்குப் பாம்படம் செய்யத் தெரியாது. திறன் அறுந்தபின் பொருளே எஞ்சிய ஒரே மூலமாகிறது. ஆகவே மரபு புதுப்பிக்கிறது என்னும் வாதத்தை இவ்வீட்டுப் பொருள்களுக்குப் பொருத்துவது, மரபின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதைத் தாங்கிய மறுபாதியை விட்டுவிடுவதாகும்.

கிளிமரபு வழங்கும் திருவில்லிபுத்தூரின் மற்றொரு நினைவு எதிர்த்திசையில் பேசுகிறது. பெரியாழ்வார் இறைவனுக்காகக் கட்டிய மாலையை ஆண்டாள் என்னும் கோதை தான் சூடிப்பார்த்துக் கொடுத்ததும், அதை அறிந்த ஆழ்வார் அந்த மாலையை விலக்கிப் புதுமாலை கட்டியதும், இறைவன் கோதை சூடிய மாலையே தனக்கு உகந்தது என்று உணர்த்தியதும் தமிழுலகம் அறிந்த வரலாறு. இன்றும் ஆண்டாள் சூடிக்களைந்த மாலையே திருப்பதி பிரம்மோற்சவத்துக்குச் செல்கிறது. ஒருவரது உடலில் பட்டுக் கழிந்தது என்பதாலேயே ஒரு பொருள் மதிப்பு இழக்கும் என்ற எண்ணத்தை இம்மரபு ஏற்கவில்லை; பட்டதனாலேயே அது மதிப்புப் பெற்றது என்று கொண்டாடுகிறது. பயன்பட்டதன் தடயத்தை அழுக்கு என்று கழுவித் தள்ளுவதற்கு இவ்வட்டாரத்து மரபு துணைபுரியாது.

மரபின் பெயரால் நடந்த புதுப்பித்தல் எப்போதும் நன்மையில் முடிந்ததும் இல்லை. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் வழியில் உள்ள கரிவலம்வந்தநல்லூர் கோயிலில், வரகுணபாண்டியரின் அரண்மனையிலிருந்து வந்துசேர்ந்த ஏட்டுச்சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் தேடிச் சென்றார். பழுதுற்ற பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடவேண்டும் என்பது சாத்திரம் என்று கொண்டு அவற்றை எரித்துவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டது. அச்செய்தி கேட்டு அவர் பட்ட துயரத்தை ‘என் சரித்திரம்’ பதிவு செய்திருக்கிறது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிய பின், பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. பெயர்த்தெழுதும் மரபு உயிரோடிருந்தவரை அவ்வழக்கத்தால் பெருங்கேடு விளையவில்லை. பெயர்த்தெழுதுவது நின்று, ஆற்றில் விடுவது மட்டும் தொடர்ந்தபோது நூல்கள் அழிந்தன. இன்றைய வீடுகளில் நடப்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னெச்சரிக்கை தேவையில்லை.

தஞ்சைப் பெரியகோயிலின் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் காலத்தில் புதுச்சுதை பூசிப் புது ஓவியம் தீட்டியபோது, அடியிலிருந்த சோழர் கால ஓவியங்கள் மறைந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்தார். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறை மேலடுக்கைச் சிதையாமல் பெயர்த்தெடுத்துத் தனியே காத்து, சோழர் ஓவியத்தையும் வெளிக்கொணர்ந்தது. ஒரு காலத்தை மீட்பதற்காக மற்றொரு காலத்தை அழிக்கலாகாது என்ற தெளிவு அப்பணியில் இருந்தது. அதற்கு நேர்மாறாக, அண்மைக் காலத்தில் தமிழகக் கோயில் திருப்பணிகளில் கற்சுவரின் எண்ணெய்க் கறையை நீக்க உயரழுத்தத்தில் மணலை வீசித் தேய்த்தபோது கல்வெட்டெழுத்துகளும் சிற்பங்களின் நுண்மையும் மழுங்கின. வல்லுநர்களின் எதிர்ப்புக்குப் பின்பே அம்முறைக்குத் தடை வந்தது. கோயிற்சுவரில் மணல்வீச்சு குற்றம் என்று ஒப்புக்கொள்ளும் சமுதாயம், வீட்டுத் தவலையில் அதே செயலை மரியாதை என்று அழைப்பது முரண்பாடு. இங்கிலாந்தில் 1877இல் வில்லியம் மோரிசும் அவர் நண்பர்களும் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதும் தேவாலயங்களின் பழஞ்சுவர்களைச் சுரண்டிப் புதுப்பித்ததை எதிர்த்தே. ஆக இது கிழக்கு மேற்கு என்ற பிரிவினையன்று; சுரண்டும் கை எங்கும் உண்டு, அதைத் தடுத்த அறிவும் எங்கும் உண்டு.

அருங்காட்சியகத்துக்கு ஏற்ற நெறி அன்றாட வீட்டுக்கு ஒவ்வாது, பயன்படாத பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற வாதமும் எழுவதுண்டு. பயன்பாட்டை இம்மறுப்பு எதிர்க்கவில்லை. பயன்பாடே பொருளைப் பேணும் சிறந்த வழிகளுள் ஒன்று. பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்த உணவு செம்போடு வினைபுரிந்து கெடாமலிருக்க உட்புறத்தில் ஈயம் பூசுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாத்திரத்தைத் தணலில் சூடேற்றி, நவச்சாரம் தூவித் துடைத்து, 232 பாகை செல்சியசில் உருகும் வெள்ளீயத்தைத் துணியால் பரப்பும் அத்தொழில், தேய்வதற்கென்றே ஒரு படலத்தைக் கொடுத்து அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. தேய்ந்தால் மீண்டும் பூசலாம், பாத்திரம் குறைவதில்லை. கிழிந்த பட்டில் அதே நிற நூலைக் கோத்து இழையோட்டுவதும், ஆடும் மரப்பெட்டியின் மூட்டைப் பழைய முறையிலேயே இறுக்குவதும் இவ்வகையின. தேவைப்பட்ட அளவுக்கு மட்டும் தொடுதல், பின்னாளில் நீக்கிவிடக்கூடிய பொருளையே சேர்த்தல், செய்த வேலையை மறைக்காமலிருத்தல் என்ற மூன்று விதிகளையும் தெருவில் ஈயம் பூசியவர் பாடம் படிக்காமலேயே கடைப்பிடித்தார். அந்த மரபின் நீட்சியே பேணுதல். பாலிஷ் சக்கரமும் லாக்கரும் அதன் முறிவு. செலவைப் பார்த்தாலும், பருத்தித் துணியில் சுற்றி ஈரமற்ற இடத்தில் வைப்பதற்கு ஆகும் தொகை மெருகேற்றும் கூலியைவிடக் குறைவே என்பதால், இந்நெறியை வசதியுள்ளோரின் ஆடம்பரம் என்றும் தள்ளிவிட இயலாது.

பொருளைத் தொடாமல் வைத்துவிட்டாலே நினைவு நிலைக்கும் என்று நம்புவதும் அதே பிழையின் மறுபக்கம். பொருளுக்குப் பேசும் திறனில்லை. அதைப் பற்றி அறிந்தவர் சொல்லாமல் மறைந்தால், வடுக்கள் அனைத்தும் இருந்தும் அது பெயரற்ற பண்டமாகவே நிற்கும். புதுப்பித்தலில் செலவழிக்கப்படும் ஆர்வம் செல்ல வேண்டிய இடம் இதுவே. ஒவ்வொரு பொருளும் யாருடையது, எந்த ஊரிலிருந்து எந்தத் திருமணத்தில் வந்தது, யார் கையில் எவ்வளவு காலம் இருந்தது, எந்த வேலைக்குப் பயன்பட்டது, எப்போது யாரால் பழுதுபார்க்கப்பட்டது என்பதை வீட்டின் மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, பொருளின் ஒளிப்படத்தோடு சேர்த்து வைப்பதற்கு ஒரு குறிப்பேடு போதும். பாத்திரத்தில் வெட்டிய எழுத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்தால் எழுத்து தாளில் பதியும். புடவையின் கதையை அறிந்த அத்தையும், குடத்தின் கதையை அறிந்த பெரியம்மாவும் உயிரோடிருக்கும்போதே இது நடந்தாக வேண்டும்.

வீட்டளவில் தொடங்கும் இப்பணி ஊரளவில் விரிவதற்கும் முன்மாதிரிகள் உண்டு. கோட்டையூரில் விளம்பரப் பலகை ஓவியராகத் தொழில் செய்த ரோஜா முத்தையா, பிறர் கழித்துவிட்ட நூல்களையும் இதழ்களையும் நாடக அறிவிப்புகளையும் திருமண அழைப்பிதழ்களையும் தம் முயற்சியால் சேர்த்தார். அவர் மறைந்தபின் 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. அத்தொகுப்பின் மதிப்பு, அதிலுள்ள தாள்கள் வெளுக்கப்பட்டதால் வந்ததன்று. அவை இருந்தபடியே வரிசைப்படுத்தப்பட்டதால் வந்தது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தமது இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தார் என்பதும் குடும்ப உடைமை ஊரின் உடைமையாகக்கூடும் என்பதற்குச் சான்று. கிருஷ்ணன்கோவிலின் கல்வி நிறுவனங்களில் பயிலும் மாணவர்கள் தங்கள் சொந்த வீடுகளிலிருந்தே தொடங்கி, வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம், திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய ஊர்களின் பாத்திரப் பெயர்களையும் குடும்பப் படங்களையும் நகை வடிவங்களையும் பொருளை இடம்பெயர்க்காமலேயே பதிவு செய்வார்களானால், எந்தப் பெருநூலிலும் இடம்பெறாத பெண்களின், உழைப்பாளிகளின் வரலாறு அவர்கள் கையில் திரளும்.

பொருள் அழகாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் இயல்பானதே. ஆனால் புதிய பொருளின் அழகைக் காசு கொடுத்து எப்போது வேண்டுமானாலும் பெறலாம். எண்பது ஆண்டுக்கால உழைப்பும் கைப்பழக்கமும் பெயரும் துக்கமும் படிந்த ஒரு மேற்பரப்பை எந்தப் பட்டறையும் உண்டாக்கித் தர இயலாது, ஒருமுறை சுரண்டிய பின் திரும்பப் பெறவும் முடியாது. திருத்த முடியாத செயலைச் செய்யுமுன் தயங்குவது அறிவுடையோர் நெறி. ஆதலால் பரணிலிருந்து ஒரு பொருளை இறக்கும் குடும்பம் முதலில் அதன் கதையை எழுதட்டும், அடுத்து அதைப் படமெடுக்கட்டும், அது உண்மையிலேயே அழிகிறதா என்று பார்த்து அழிவை மட்டும் நிறுத்தட்டும். இம்மூன்றையும் செய்து முடித்த பிறகும் அதை மெருகேற்றும் எண்ணம் எஞ்சியிருக்குமானால், அடுத்த தலைமுறை கேட்கப்போகும் கேள்விக்கு விடை அந்தப் படலத்தில் இருக்கக்கூடும் என்பதை எண்ணி, அதைத் தொடாமல் விட்டுவிடுவதே முன்னோருக்கும் பின்னோருக்கும் ஒருசேரச் செய்யும் கடமை.